ஒன்பதாம் பாடத்தில் கேட்ட குரல்

ஒன்பதாம் பாடத்தின் பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் கேட்ட குரல் வீடியோவுக்குள் இருந்ததா, அடுத்த அறையிலிருந்து வந்ததா? மூன்று மாதமாக என்னை அரித்த கேள்வி இது ஒன்றுதான். இதில் கூத்து என்னவென்றால், என் பிழைப்பே காதுதான். ஆஸ்பத்திரியில், சத்தம் புகாத ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும், வெளியே என் பக்கம் ஒரு விளக்கு எரியும். இருபத்தாறு வருடமாக ஊரார் காதையெல்லாம் அளந்தவளுக்குத் தன் காதில் விழுந்தது என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட எட்டு வயது மூத்தவன். அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நான் பண்ணிக்கொண்டு, இரண்டு வருடத்தில் அது சரிப்படாமல் பெட்டியோடு அவன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். "மேல போன லிஃப்ட் கீழ வந்துதானே ஆகணும், உள்ள வா" என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மிச்சமிருந்தது, ஆனால் குழறியது. சின்ன வயதிலிருந்தே என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான். ஐம்பத்திரண்டு வயதுப் பாப்பா. இப்போது முதல் எழுத்து தொண்டையிலேயே தங்கிவிட, "ப்பா" என்று மட்டும்தான் வெளியே வந்தது.

காலையில் ஒரு ஆயாம்மா அவனைப் பார்த்துக்கொள்வார். ஒரு மணிக்கு நான் வந்ததும் அவர் கிளம்பிவிடுவார். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேர்தான். தலைமாட்டில் வைத்துக்கொள்ள ஒரு காலிங் பெல் வாங்கிக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் தள்ளிவிட்டான்.

"நீ என்ன லிஃப்டா, பட்டனை அமுக்கினதும் வர்றதுக்கு? வாய் இருக்கில்ல, கூப்பிடுறேன்."

மதியம் முழுக்க அவன் டிவி பார்ப்பான், அல்லது தூங்குவான். எனக்குப் பொழுது போகவில்லை. சும்மா இருந்தால் என் மூளை என்னையே கடித்துத் தின்னும், அது என் சுபாவம். அப்படித்தான் வீடியோ பார்த்துக் கைவேலை கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். முதலில் குரோஷா. ஒரு தொப்பி பின்னினேன், அது வீட்டில் எந்தத் தலைக்கும் சேராமல் கடைசியில் டிவி ரிமோட்டுக்கு உறையானது. பிறகு எம்ப்ராய்டரி. என் முதல் ரோஜாவைப் பார்த்து அண்ணன், "முட்டைக்கோஸ் நல்லா வந்திருக்கு" என்றான். பிறகு காலுறை. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் பாபின் லேஸ் கண்ணில் பட்டது. கெட்டியான ஒரு திண்டு, அதன் மேல் புள்ளி புள்ளியாகத் துளையிட்ட அட்டை, துளைகளில் குத்த நிறைய குண்டூசி. நூலின் நுனிகளில் பென்சில் நீள மரக்குச்சிகள் தொங்கும். அவற்றுக்குத்தான் பாபின் என்று பெயர். குச்சிகளை ஜோடி ஜோடியாக எடுத்து மாற்றி மாற்றிப் போட்டால் நூல் பின்னிக்கொண்டு லேஸாக இறங்கும். பார்க்க மிரட்டும், ஆனால் அசைவு இரண்டே இரண்டுதான். நடுவிலுள்ள இரண்டு குச்சிகளில் இடதை வலதின் மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டால் முறுக்கு. வீடியோவில் சொல்லித்தரும் அம்மாளின் முகம் தெரியாது. கை இரண்டும் குரலும் மட்டும்தான். "குறுக்கு, முறுக்கு, குறுக்கு" என்று சொல்லிக்கொண்டே போவார்.

"முறுக்கறதுக்கு உனக்கு டீச்சர் வேறயா?" என்றான் அண்ணன். "பொறந்ததுலேருந்து முறுக்கிக்கிட்டுதானே இருக்க."

"நீ குறுக்கப் பேசாத."

அவனுக்கு அப்படிச் சிரிப்பு. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும், மறுபக்கம் அப்படியே நிற்கும்.

எனக்கு இது பிடித்துப்போயிற்று. குச்சிகள் ஒன்றோடொன்று மோதி டக் டக்கென்று சத்தம் போடும். கை தானாக ஓடும்போது தலைக்குள் ஒன்றுமே இருக்காது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அண்ணன் படுத்துக் கிடந்த அந்த நாட்களில்தான் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அம்மாள் கை வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிடுவேன். குரல் இழுத்து இழுத்து வரும். ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு அண்ணன், "உங்க டீச்சரம்மா பட்டப்பகல்லயே தண்ணி போட்டுட்டாங்க போல" என்றான். அதோடு நான் ஹெட்போன் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். காதை முழுக்க மூடுகிற, கனமான ஹெட்போன். அதை மாட்டினால் வெளிச்சத்தம் அடங்கிப்போகும். மிஞ்சி வருகிற சத்தமும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது, தலைக்கு நடுவில் கேட்பது போல இருக்கும். இதை நான் தினமும் நோயாளிகளுக்கு விளக்குகிறவள்.

ஒன்பதாம் பாடம், சிலந்தி. இரண்டு பக்கத்திலிருந்தும் மூன்று மூன்று ஜோடி நூல்களை முறுக்கிக் கொண்டுவந்து நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, ஒரு ஊசி குத்தி, மறுபடியும் வெளியே அனுப்ப வேண்டும். நடுவிலே உடம்பு, சுற்றிலும் கால்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்த உடம்பு வரும். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நடு ஊசி குத்துவதற்கு முன்னால் குச்சிகளை விட்டு எழுந்தால் ஜோடிகள் கலந்துவிடும், முதலிலிருந்து அவிழ்க்க வேண்டும்.

முதல் நாள் அப்படிக் கையில் குச்சிகளோடு இருந்தபோது அந்தக் குரல் கேட்டது. "ப்பா." போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கூப்பிட்டியா?"

"இல்லையே."

மறுநாளும் கேட்டது. திரையில் பன்னிரண்டாவது நிமிடம். ஓடினேன். "நான் கூப்பிடல, போ, போய் வேலையப் பாரு" என்றான். மூன்றாம் நாளும் அதே இடம், அதே குரல், அதே பதில். என் சிலந்தி மூன்றாவது முறையாகக் கலைந்திருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வீடியோவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அதில் ஒருத்தி, 'பன்னிரண்டாவது நிமிஷம் பின்னாடி ஏதோ சத்தம் வருதே' என்று எழுதியிருந்தாள். 'மன்னிக்கணும், வீட்டுல ஆளுங்க இருந்தாங்க' என்று டீச்சரம்மாள் பதில் போட்டிருந்தார்.

விஷயம் தெளிவாகிவிட்டது என்று நினைத்தேன். டீச்சரம்மாளின் வீட்டில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். அப்பாவைக் கூப்பிடும் குழந்தையாக இருக்கலாம். பாதி வேகத்தில் இழுபட்டு எனக்கு அண்ணன் குரல் மாதிரிக் கேட்டிருக்கிறது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு நிமிட வேலை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் போதும். செய்யவில்லை. சிலந்தியை முடிக்கும் அவசரம்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன்.

"என் வீடியோவுல ஒரு பேய் இருக்குண்ணா. அதுதான் தினமும் என்னைக் கூப்பிடுது. நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்."

"பேயா? எப்படிக் கூப்பிடுது?"

"ப்பா, ப்பான்னு."

"சரியா பண்ணிக் காட்டு."

நான் தொண்டையை இறுக்கிக்கொண்டு, வாயை ஒரு பக்கமாக இழுத்துப் பண்ணிக் காட்டினேன். அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். நான்தான் துண்டால் துடைத்துவிட்டேன்.

"பேய்க்கு வேற பொழப்பு இல்ல போலிருக்கு," என்றான். "சரி, கூப்பிட்டா நீ போகாத. வேலை கெட்டுப்போகும்."

அதற்குப் பிறகு நான் எழுந்து போகவில்லை. சில நாள் குரல் வந்தது, சில நாள் வரவில்லை. தினமும் ஒரே வீடியோ, ஆனால் ஏன் சில நாள் வரவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. வந்தால், "வந்துட்டாருப்பா நம்ம ஆளு" என்று சொல்லிக்கொண்டு குச்சியை மாற்றிப் போடுவேன்.

ஒரு புதன்கிழமை மூன்று தடவை வந்தது. முதல் தடவை வழக்கம் போல. இரண்டாவது கொஞ்சம் நீளமாக. மூன்றாவது தடவை கேட்டபோது நான் நடு ஊசியைக் குத்திக்கொண்டிருந்தேன். 'இன்னிக்கு என்ன பேய்க்கு இவ்வளவு அவசரம்' என்று நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிலந்தி அன்றைக்கு வந்துவிட்டது. எல்லாக் காலும் இழுத்து நின்று, உடம்பு கெட்டியாக, அட்டையில் போட்டிருந்த படம் அப்படியே. அதை அண்ணனிடம் காட்டத்தான் திண்டைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்குப் போனேன்.

அவன் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் கிடந்தான். கண் திறந்திருந்தது. போர்வை ஒரு காலில் சுற்றியிருந்தது. என்னைப் பார்த்தான், வாய் அசைந்தது, குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தானோ தெரியாது. நாற்பது நிமிடம் இருக்கும் என்று நானே கணக்குப் போட்டேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் வேலை செய்யும் அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே. ஒரு வார்த்தையும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் போய்விட்டான்.

எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "நீ எவ்வளவு பாத்துக்கிட்ட, உனக்கென்ன குறை." நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு குரல் எங்கும் கேட்கத் தொடங்கியது. குழாயைத் திறந்தால் கேட்டது. பஸ் கதவு மூடும்போது கேட்டது. ஒருநாள் வேலையில், கண்ணாடி அறைக்குள் ஒரு பெரியவரை உட்காரவைத்து ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தபோது, எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். என்னோடு வேலை செய்கிறவர் வாய் மூடாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

"என்ன மேடம், எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் ரேடியோ.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது."

"யாரும் கூப்பிடலையே. உள்ள அந்தப் பெரியவர்தான் சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பட்டனை அமுக்கிக்கிட்டு இருக்கார்."

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தக் குரல் வீடியோவில் இருக்க வேண்டும். இருந்துவிட்டால், அந்தப் புதன்கிழமையும் நான் கேட்டது வீடியோவைத்தான். அண்ணன் சத்தமில்லாமல் விழுந்திருக்கிறான், நான் என்ன செய்ய முடியும்? இல்லையென்றால், மூன்று தடவையும் அவன் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு நான் நூல் பின்னிக்கொண்டிருந்தேன். பதில் என் போனிலேயே இருந்தது. திறந்து பார்க்கத்தான் மூன்று மாதம் தைரியம் வரவில்லை.

போன வாரம், கடைசி நோயாளி போனதும், ரேடியோவிடம் உதவி கேட்டேன். காரணம் சொல்லவில்லை. "ஒரு வீடியோவுல பின்னாடி யாராவது கூப்பிடற குரல் கேக்குதான்னு பாக்கணும். கேட்டா பட்டனை அமுக்குங்க." அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். வெளியே நானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஒன்பதாம் பாடத்தை முதலிலிருந்து பாதி வேகத்தில் ஓடவிட்டேன்.

பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. யாரோ ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். குறுக்கு, முறுக்கு, குறுக்கு. பதின்மூன்று வந்தது, பதினான்கு வந்தது. விளக்கு எரியவில்லை. மறுபடி வைத்தேன். முழு வேகத்தில் ஒரு தடவை, ஒலியைக் கூட்டி ஒரு தடவை. ரேடியோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"நாற்காலி சத்தம் தவிர ஒண்ணும் இல்லையே மேடம். குரலெல்லாம் எதுவும் இல்ல. நீங்க கேட்டீங்களா?"

"இல்ல," என்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பதாம் பாடத்தில் நான் வேறெந்த நிமிடத்திலும் உட்காரவே இல்லை. அந்த ஒரு நிமிடத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டு, தினமும் இரண்டு மணி நேரம் அதற்குள்ளேயே குடியிருந்தேன். அண்ணன் இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் மூன்றரைக்குக் கூப்பிட்டாலும் திரையில் பன்னிரண்டுதான் இருக்கும். நகராத கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 'எப்பவும் இதே நேரத்துக்குத்தான் வருது' என்று தீர்ப்புச் சொன்னவள் நான். அத்தனை நாளும் கூப்பிட்டது அவன்தான்.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. முதல் மூன்று நாளும் ஓடிப்போய்க் கேட்டேனே, ஏன் இல்லையென்றான்?

அதற்குப் பதில் இன்று காலையில் தானாக வீட்டுக்கு வந்தது. அண்ணனுக்குக் கைகால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோ, வேறொரு நோயாளிக்காக நடைச்சட்டத்தைக் கேட்டிருந்தார், எடுத்துப்போக வந்தார். தன்னைத் தூக்கி நிறுத்துகிறவர் என்பதால் அண்ணன் அவருக்கு ஜாக்கி என்று பெயர் வைத்திருந்தான். ஜாக்கி நடைச்சட்டத்தை மடக்கிக்கொண்டே மூலையிலிருந்த திண்டைப் பார்த்தார்.

"இதுதானா அது? அண்ணன் இதைப் பத்தித்தான் ஓயாம பேசுவாரு."

"என்ன பேசுவான்?"

"உங்கள வம்புக்கு இழுக்கிறதப் பத்திதான். சும்மாவே கூப்பிடுவாராம். நீங்க ஓடி வந்து வாசல்ல நிப்பீங்களாம், கையில ரெண்டு குச்சி இருக்குமாம், மூஞ்சி கடுகடுன்னு இருக்குமாம். 'எனக்கு ஒண்ணும் வேணாம் ஜாக்கி, அவ வந்து நின்னா பாத்துக்குவேன், அப்புறம் கூப்பிடலன்னு சொல்லி அனுப்பிடுவேன், பாவம் ஆசையா பின்னிக்கிட்டிருக்கா'ன்னு சொல்வாரு."

அவர் நிமிராமல் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"கடைசியில கொஞ்சம் வருத்தப்பட்டாரு. 'இப்பல்லாம் கூப்பிட்டா வர்றதில்ல, என்னைப் பேயாக்கிட்டா'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஏன், என்ன விஷயம்? எனக்குப் புரியல."

"அது எங்களுக்குள்ள ஒரு கதை" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். கதவைச் சாத்தியதும் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவன் போனதற்கு அழுததைவிட அதிகமாக அழுதேன். வாயை ஒரு பக்கமாக இழுத்து அவன் முன்னாலேயே அவன் குரலைப் பண்ணிக் காட்டியிருக்கிறேன். அப்போதும் தான்தான் என்று காட்டிக்கொள்ளாமல் சிரித்திருக்கிறான்.

மதியம் திண்டை எடுத்து மேஜையில் வைத்தேன். ஹெட்போன் இல்லாமல், வீடியோ இல்லாமல், புதிதாக ஒரு சிலந்தியைத் தொடங்கினேன். நடு ஊசிக்குக் கொஞ்சம் முன்னால் குரல் கேட்டது. அப்படி ஒரு குரல் இல்லை என்று எனக்குத் தெரியும், என் தொழிலே அதுதான். குச்சிகளைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். அவன் அறை வாசலில், அவன் கட்டிலிலிருந்து என் முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் ஜோடிகள் கலந்திருந்தன. அவிழ்த்து மறுபடி தொடங்கினேன். இன்று மட்டும் ஐந்து தடவை போய் நின்றுவிட்டு வந்தேன்.